நானூற்றுப் பதினேழாவது வால்வு

அத்தியாயம் பதினொன்று

மாமனாரும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன. காரணம் சமையலறைக் குழாய். அது சொட்டியது. முப்பத்து நாலு வருஷம் குடிநீர் அலுவலகத்தில் குழாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே, மாப்பிள்ளை வெளியிலிருந்து ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டார். பிளம்பர் ஏழு நிமிஷத்தில் வேலையை முடித்தான். மாமனார் அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். அந்தக் குழாய் அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூடச் சொட்டவில்லை என்பதுதான் அவரால் பொறுக்க முடியாதது.

அப்படிப்பட்டவர் இந்தச் சனிக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு மாப்பிள்ளையின் கடை வாசலில் வந்து நின்றார். கையில் துண்டில் சுற்றிய ஒரு பொருள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது பக்கத்து சீட்டு அம்மாள், "ஆணா, பெண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். "ஹார்ட் டிஸ்க்" என்று பதில் சொல்லியிருக்கிறார் மாமனார். "ஆண்டவன் கொடுத்தது எதுவா இருந்தா என்ன" என்றாளாம் அவள்.

மாப்பிள்ளைக்குத் தொழில், கெட்டுப்போன கம்ப்யூட்டர்களிலிருந்து தொலைந்த ஃபைல்களை மீட்டெடுப்பது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, லிஃப்ட் கிடையாது. சிமெண்டுக் கலவையில் விழுந்து இறுகிப்போன டிஸ்க்கை உளியால் பெயர்த்து, ஒரு பல் டாக்டருடைய நோயாளிகளின் பட்டியலை முழுசாக எடுத்துக் கொடுத்தவர். எடுத்து முடிப்பதற்குள் நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பல்லே இல்லை என்பது வேறு விஷயம்.

மேசைமேல் போன் ஸ்பீக்கரில் இருந்தது. அதிலிருந்து அருவி கொட்டுகிற மாதிரி இரைச்சல். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல்.

"அப்பா வந்துட்டாரா?"

"வந்துட்டார்" என்றார் மாப்பிள்ளை.

"பேசினீங்களா?"

இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

"சரி, என் மூலமாவே பேசிக்குங்க. எனக்கு இங்க முழங்கால் வரைக்கும் தண்ணி. சண்டையைச் சாயங்காலம் வெச்சுக்கலாம்."

குரலுக்குச் சொந்தக்காரி ஒருவருக்கு மகள், இன்னொருவருக்கு மனைவி. குடிநீர் அலுவலகத்தில் பொறியாளர். வயது முப்பத்தெட்டு, கீழே நாற்பது ஆட்கள். அப்பாவுக்கு இன்னும் பாப்பாதான். கூப்பிட்டுப் பழகிவிட்டதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

பாப்பா நின்றுகொண்டிருந்தது மகப்பேறு மருத்துவமனைக்கு எதிர் ரோட்டில். விடிகாலை ஐந்தரைக்கு அங்கே ரோட்டுக்கு அடியில் பெரிய குழாய் வெடித்தது. ரோடு இரண்டாகப் பிளந்து ஒரு பாதி உள்ளே போய்விட்டது. ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை. தண்ணீர் மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மின்சாரப் பலகை கீழ்த்தளத்தில். மின்சாரம் போனால் ஓட வேண்டிய ஜெனரேட்டரும் அதே கீழ்த்தளத்தில். கட்டினவன் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

மேலே இரண்டாவது மாடியில், குறைமாசத்தில் பிறந்த ஆறு குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கதகதப்பில் படுத்திருந்தன. பெட்டிகளின் பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

"கீழ்த்தளத்துக்குப் பதினாலு படி" என்றாள் பாப்பா. "அடியிலேர்ந்து எண்ணினா ஒன்பதாவது படி உயரத்துல கரண்டுப் பலகை. இப்ப மூணு படி முழுகியிருக்கு. ரெண்டு பம்பு வெச்சு இறைக்கிறோம், அப்படியும் ஏறுது."

"தண்ணித் தொட்டியிலயே மூட முடியாதா?"

"மூடியாச்சுங்க. குழாய்க்குள்ள நிக்கற தண்ணி வடியறதுக்கே ஆறு மணி நேரம். பக்கத்துல நானூத்திப் பதினேழாம் வால்வு இருக்கு. அதை மூடினா அஞ்சு நிமிஷத்துல நிக்கும். அது எங்க இருக்குன்னு சொல்லுங்க, போதும்."

அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

குடிநீர் அலுவலகத்தில் ஒரு வரைபடம் உண்டு. விரித்தால் மேசை கொள்ளாது, மேசைகளைச் சேர்த்துப் போட்டால் அறை கொள்ளாது. அதில் ஒரு குழாயைத் தேடிக் காலையில் குனிந்த அதிகாரி ஒருவர், பென்ஷன் வாங்கும் வயதில்தான் நிமிர்ந்தார் என்று சொல்வார்கள். அவ்வளவு பெரிய வரைபடத்தில் வால்வுகளெல்லாம் எப்போதோ இருந்த இடத்தில்தான் இருந்தன. மேலே தார் போட்டு, அதற்கு மேல் தார் போட்டு, ஊர் அவற்றை மறந்துவிட்டது.

சரியான வரைபடம் மாமனாரிடம் இருந்தது. முப்பத்து நாலு வருஷம் நடந்தே பார்த்து, ஆயிரத்து நூறு வால்வுகளையும் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவரே வரைந்து வைத்திருந்தார். ஓய்வு பெறும் நாளில் அலுவலகம் அதைக் கேட்டது. "எழுத்து மூலமாக் கேளுங்க" என்றார். மூன்று வருஷமாக அந்தக் கடிதம் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை இடி இடித்து, மின்சாரம் எகிறி, அந்தக் கம்ப்யூட்டர் பாதிப் படுத்து, வரைபடம் திறக்காமல் போனதைத்தான் சென்ற வாரம் பார்த்தோம்.

"எல்லாம் என் தலையில இருக்கு" என்று காலை ஆறரைக்கு மகளிடம் போனில் சொன்னார் மாமனார். "தபால் பெட்டியிலேர்ந்து பதினாறு அடி கிழக்க. கண்ணை மூடிட்டுத் தோண்டு."

தோண்டினார்கள். மண் வந்தது, ஒற்றைச் செருப்பு வந்தது. உலோகம் தேடும் கருவியைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். அது இரண்டு கரண்டியையும் ஒரு கல்யாண மோதிரத்தையும் காட்டியது. வால்வைக் காட்டவில்லை. ஒரு மணி நேரம் வீணானது.

மாப்பிள்ளை துண்டைப் பிரித்து டிஸ்க்கை எடுத்தார். காதருகே வைத்து மெதுவாகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஒரு சின்னப் பெட்டியில் செருகி, அந்தப் பெட்டியைத் தன் கம்ப்யூட்டரோடு இணைத்தார். டிஸ்க்கிலிருந்து படிக்க மட்டும்தான் அந்தப் பெட்டி விடும். எழுத விடாது.

டிஸ்க் சுற்றியது. நாலு வினாடிக்கு ஒரு தரம் டிக் என்றது.

மாமனார் போனைப் பார்த்துச் சொன்னார். "பாப்பா, அவரை நேரா ஃபைலைத் திறந்து பார்க்கச் சொல்லு. எதுக்கு இந்தப் பெட்டியெல்லாம்."

"உங்கப்பாகிட்ட சொல்லு. நேராத் திறந்தா கம்ப்யூட்டர் அதுல எதையாவது எழுதும். எழுதற இடத்துல வரைபடம் இருந்தா, அதோட போச்சு. முதல்ல மொத்தத்தையும் காப்பி எடுக்கணும். தேடறது காப்பியிலதான்."

"எவ்வளவு நேரம்?" என்று பாப்பாவே கேட்டாள்.

"நல்ல டிஸ்க்குன்னா ரெண்டு மணி நேரம். இது இருமுது."

"ரெண்டு மணி நேரம் எனக்கு இல்லீங்க."

மாப்பிள்ளை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மொத்தமும் வேண்டாம்னா, வரைபடம் எந்தப் பக்கம் இருந்ததுன்னு தெரியணும். அந்தப் பகுதியை மட்டும் முதல்ல எடுத்துடுவேன். வேற எங்கயாவது நகல் இருக்கான்னும் கேளு."

"இல்லாம?" என்றார் மாமனார், சீறாத குறையாக. "அரசாங்க வேலை பார்த்தவன் நகல் இல்லாம இருப்பானா? ரெண்டாவது டிரைவ்ல ஒண்ணு விடாம நகல் வெச்சிருக்கேன்னு சொல்லு."

மாப்பிள்ளை கண்ணை மூடித் திறந்தார். மாமனாரின் கம்ப்யூட்டரில் டிரைவ் இரண்டு, டிஸ்க் ஒன்று. ஒரே அலமாரியில் மேல்தட்டில் ஒரிஜினல், கீழ்த்தட்டில் நகல். அலமாரி எரிந்தால் இரண்டும் எரியும். இந்தத் தொழிலில் அவரிடம் வருகிற பத்துப் பேரில் ஆறு பேர் இப்படி நகல் வைத்தவர்கள்தான், அந்த ஆறு பேரும் மிகவும் ஜாக்கிரதையானவர்கள்.

முதலில், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று டிஸ்க் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளும் பட்டியலைப் படிக்கவிட்டார். சின்ன ஃபேன் ஒன்றை டிஸ்க்கின் பக்கம் திருப்பி வைத்தார். பத்து நிமிஷம் ஓட்டுவார், சூடானதும் நிறுத்துவார், ஆறியதும் மறுபடி ஓட்டுவார். நிறுத்தியிருக்கும் நேரங்களில் போனின் இரைச்சல் மட்டும் கேட்கும்.

"நாலாவது படி" என்றது போன்.

ஒன்பது மணிக்குப் பட்டியலில் பாதி வந்தது. மீதி சிதைந்து கிடந்தது. வந்த பாதியைப் பார்த்துக்கொண்டே போன மாப்பிள்ளையின் கை, ஒரு வரியில் நின்றது.

"உங்கப்பாகிட்ட கேளு. இடி விழுந்ததுக்கு அப்புறம் இந்த டிஸ்க்கை யாராவது தொட்டாங்களா?"

"அப்பா?"

"யாரும் தொடல" என்றார் மாமனார்.

"இன்னொரு தரம் கேளு."

"அதான் சொல்றேனே. நான் மட்டும்தான் வீட்ல. நான் தொடல."

மாப்பிள்ளை நாற்காலியைத் திருப்பினார். இரண்டு வருஷம் இரண்டு மாதத்துக்குப் பிறகு மாமனாரின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு பன்னெண்டுக்கு, அழிஞ்ச ஃபைலை மீட்கற புரோகிராம் ஒண்ணை இதுல ஏத்தியிருக்கீங்க மாமா. ஒன்பது மணி வரைக்கும் ஓட விட்டிருக்கீங்க. அது மீட்டதையெல்லாம் எங்க வெச்சுதுன்னு தெரியுமா? இதே டிஸ்க்ல. வரைபடம் இருந்த இடத்து மேலயே. முதல் டிரைவ்ல இனி ஒண்ணுமில்ல."

மாமனார் அவரையே பார்த்தார். "நான் எதையும் ஏத்தல."

"இங்க எழுதியிருக்கு."

"எழுதியிருந்தா? எனக்குத் தெரியாதா நான் என்ன பண்ணினேன், பண்ணலன்னு?"

"எங்கிட்ட வர்றதுக்குக் கௌரவம் இடம் கொடுக்கல. நீங்களே மீட்டுடலாம்னு பார்த்தீங்க. தப்பில்ல. ஆனா இப்ப மேல ஆறு குழந்தை இருக்கு மாமா. இப்பவாவது உண்மையைச் சொல்லலாம்."

மாமனார் சட்டென்று திரும்பிக்கொண்டார். "பாப்பா" என்றார் போனிடம், "உன் புருஷன் என்னைப் பொய்யன்கிறார்."

"அஞ்சாவது படி" என்றாள் பாப்பா. "ரெண்டு பேரும் வாயை மூடிட்டு வேலையைப் பாருங்க."

பார்த்தார்கள். அதாவது மாப்பிள்ளை வேலையைப் பார்த்தார், மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

இரண்டாவது டிரைவை எடுத்துப் பார்த்தால், அதன் பட்டியல் முழுக்கப் போயிருந்தது. ஆனால் அங்கே செவ்வாய்க்கிழமைப் புரோகிராம் கை வைக்கவில்லை. ஃபைல்களின் பெயர் இல்லை, தேதி இல்லை, எது எங்கே ஆரம்பிக்கிறது என்ற விவரம் இல்லை. உள்ளே இருந்த சரக்கு மட்டும் அப்படியே கிடந்தது. சந்தையில் மூட்டைகளின் சீட்டை மட்டும் யாரோ பிய்த்துப் போட்ட மாதிரி. ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்து முகர்ந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வரைபட ஃபைல் எப்படித் தொடங்கும், எப்படி முடியும் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். அந்தத் தொடக்கமும் முடிவும் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் வெட்டி எடுக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னார். டிஸ்க் டிக் டிக் என்றபடி ஓடியது. ஆற வைத்தார், ஓட்டினார். ஒரு முறை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டியபோது அது சுற்றவே இல்லை. மாமனார் தன்னை அறியாமல் எழுந்து நின்றார். மாப்பிள்ளை மூச்சை விடாமல் எண்ணினார். பதினொன்று எண்ணியதும் சுற்றியது.

"ஆறு" என்றது போன்.

பத்து மணிக்குத் துண்டுகள் வந்து சேர்ந்தன. மாப்பிள்ளை எண்ணிக்கையைப் பார்த்தார்.

"இருநூத்திப் பன்னெண்டு."

"இருநூத்திப் பன்னெண்டு என்ன?" என்றாள் பாப்பா.

"வரைபடம். உங்கப்பா ஒரு கோடு மாத்தினாலும் புதுசா ஒரு காப்பி போட்டிருக்கார். எதுக்கும் பேர் இல்ல. எது முதல்ல, எது கடைசியிலன்னு தெரியல."

"பேரு 'இறுதி'ன்னு இருக்கும்" என்றார் மாமனார் போனிடம். "அதுக்கு அப்புறம் 'இறுதிக்குப் பின்'. அதுக்கு அப்புறம் 'இதுவே இறுதி'."

"பேரே இல்லைன்னு சொல்றாரே அப்பா."

நல்ல வேளையாக மாமனாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வால்வைப் போய்ப் பார்த்தாலும் வரைபடத்தில் அந்த வால்வின் அடியில், பார்த்த தேதியைப் போட்டு இரண்டு வரி எழுதிவிடுவார். அலுவலகத்தில் பழகிய பழக்கம். ஃபைலின் தேதி போனாலும் உள்ளே அவரே போட்ட தேதிகள் இருந்தன.

"கடைசியா எப்ப வரைபடத்துல கை வெச்சார்னு கேளு" என்றார் மாப்பிள்ளை. "அந்தத் தேதி இருக்கறதை எடுத்துடறேன்."

மாமனார் யோசிக்கவில்லை. "போன வருஷம், மழைக்கு முன்னாடி. அதுக்கப்புறம் நான் ஏன் தொடறேன்? கடுதாசி வரட்டும்னு விட்டுட்டேன்."

மாப்பிள்ளை தேடினார். போன வருஷம், மழைக்கு முந்தைய தேதியோடு ஒன்று கிடைத்தது. திறந்தார். மெல்லிய நீலக் கோடுகளாக ஊர் விரிந்தது. நானூற்றுப் பதினேழு என்று அடித்தார். வரைபடம் நகர்ந்து, ஒரு சிவப்புப் புள்ளியில் நின்றது.

தபால் பெட்டியிலிருந்து பதினாறு அடி கிழக்கே.

"நான் சொன்னேனில்ல" என்றார் மாமனார். குரலில் இருந்தது வெற்றிதான், ஆனால் அதில் சத்து இல்லை.

"அங்கதான் குளம் வெட்டியாச்சேப்பா" என்றாள் பாப்பா. முதல் தடவையாக அவள் குரல் கொஞ்சம் ஆடியது. "அங்க இல்ல. நான் உள்ள இறங்கி என் கையால தடவிப் பார்த்துட்டேன். இங்க இல்ல." பக்கத்தில் யாரிடமோ, "ஏழா?" என்றாள். பிறகு, "ஏழுங்க. நர்ஸ் மேலேர்ந்து கேக்கறாங்க, இப்பவே பேட்டரிக்கு மாத்தணுமா, காத்திருக்கலாமான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"இன்னும் ஆழமாத் தோண்டச் சொல்லு" என்றார் மாமனார். "அங்கதான் இருக்கு. எனக்குத் தெரியும்."

மாப்பிள்ளை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் சொல்வது ஒன்று, டிஸ்க்கில் இருப்பது ஒன்று என்றால் இந்தத் தொழிலில் டிஸ்க் பக்கம் சாய வேண்டும். 'நான் எதையும் அழிக்கலையே' என்று சத்தியம் செய்யாத வாடிக்கையாளரை அவர் இதுவரை பார்த்ததில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. மாமனார் கொடுத்த தேதியை அழித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகளிலும் நானூற்றுப் பதினேழு என்ற எண்ணுக்குக் கீழே என்னென்ன எழுதியிருக்கிறதோ, எல்லாவற்றையும் வரிசையாகக் கொண்டுவா என்றார்.

வந்தது. இருநூற்றுப் பதினொன்றில் ஒரே வரிகள். தபால் பெட்டி, பதினாறு அடி, கிழக்கே.

ஒன்றில் மட்டும் வேறு.

"பாப்பா" என்றார் மாப்பிள்ளை. தன் மனைவியை அவர் அந்தப் பெயர் சொல்லி என்றைக்கும் கூப்பிட்டதில்லை. "எழுதிக்க வேண்டாம், கேட்டுக்க. அந்த ஆஸ்பத்திரி மதிலுக்குள்ள சைக்கிள் நிறுத்தற கொட்டகை இருக்கா?"

"இருக்கு."

"இடது கைப் பக்கத்துலேர்ந்து மூணாவது தூண். தூண்லேர்ந்து தெற்க ரெண்டடி. மேல சதுரமா ஒரு கல் பதிச்சிருக்கும். அதுக்கு அடியில."

"மதிலுக்கு உள்ளயா? ரோட்டுக் குழாயோட வால்வா?"

"ரோட்டை அகலப்படுத்தினப்ப மாத்தியிருக்காங்கன்னு எழுதியிருக்கு. ஓடு."

போனில் தண்ணீரை உழக்கிக்கொண்டு ஓடும் சத்தம். அவள் மூச்சு. "கடப்பாரையை எடுங்க, எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க" என்று கத்துவது. பிறகு இரும்பு கல்லில் மோதும் ஓசை, ஒன்று, இரண்டு, மூன்று. சைக்கிள்கள் சரிந்து விழுந்தன. யாரோ ஒருவன் தன் சைக்கிளைப் பற்றிக் கேட்டான், அவனுக்கு யாரோ ஒருவன் பதில் சொன்னான். அந்தப் பதிலை அச்சில் போட முடியாது.

"எட்டு" என்று தூரத்தில் ஒரு குரல் கேட்டது. "எட்டைத் தொட்டுடுச்சும்மா."

கல் பெயர்ந்த சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. மாமனார் போனை நோக்கிக் குனிந்திருந்தார். மாப்பிள்ளையும் குனிந்திருந்தார். இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளும் தூரத்தில் இருந்தன. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

"இருக்கு" என்றாள் பாப்பா. "இருக்குப்பா." பிறகு ஆட்களிடம், "சாவியைக் கொடுங்க, நீளச் சாவி. இதை இல்லப்பா, அதை. திருப்புங்க."

"அவசரப்படாதே" என்றார் மாமனார். "வேகமா மூடினா குழாய் உதைக்கும். இருபத்திரண்டு சுத்து. பத்து சுத்துக்கு அப்புறம் மெதுவா. எண்ணச் சொல்லு."

எண்ணினார்கள். ஆண்கள் குரல் நாலைந்து சேர்ந்து, தேர் இழுப்பது போல எண்ணியது. பத்து. பதினொன்று. மாமனாரின் வலது கை காற்றில் ஒரு சாவியைத் தானும் சேர்ந்து திருப்பிக்கொண்டிருந்தது. பதினெட்டில் இரைச்சல் தேய்ந்தது. இருபத்திரண்டில் ரோட்டில் ஒரு நாய் குரைப்பது தெளிவாகக் கேட்டது.

"எட்டாவது படியிலயே நிக்குது" என்றாள் பாப்பா. "பம்பு இழுக்குது. இறங்குதுங்க. நான் மேல போய் ஒரு தரம் அந்தக் குழந்தைகளைப் பார்த்துட்டு வரேன். லைன்லயே இருங்க."

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. டிஸ்க்கை நிறுத்தினார். அப்போதுதான், அவசரத்தில் பாதியோடு விட்ட அந்தக் குறிப்பை முழுசாகப் படித்தார்.

மாமனார் அவருக்கு முன்னால் படித்துவிட்டிருந்தார். மாப்பிள்ளையின் தோளுக்கு மேலாகக் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்கு மிக அருகில்.

பழைய இடத்தில் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது மதிலுக்கு உள்ளே மாற்றியிருக்கிறார்கள். நேரில் போய்த் தேடிக் கண்டுபிடித்தேன். மசகு போட்டேன். அரைச் சுற்று திருகிப் பார்த்தேன், திரும்புகிறது. இன்றே பாப்பாவிடம் சொல்ல வேண்டும்.

அதற்கு மேலே தேதி. போன வாரம், வியாழக்கிழமை. இடி விழுவதற்கு மூன்று நாள் முன்னால். இன்றைக்கு ஒன்பது நாள் ஆகிறது.

"மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

இரண்டு வருஷம் இரண்டு மாதமாகக் கேட்காத சொல்.

"இது யார் எழுதினது?"

மாப்பிள்ளை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். கௌரவம் பார்க்கிற முகமா, மழுப்புகிற முகமா என்று தேடினார். இரண்டும் இல்லை. மனுஷர் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை ஆறு பன்னிரண்டைப் பற்றித் தான் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் மாப்பிள்ளைக்கு நினைவு வந்தது.

"உட்காருங்க மாமா" என்றார்.

"நான் அந்தப் பக்கமே போகல. பஸ் மாறிப் போகணும் அங்க. ரெண்டு பஸ். எனக்குத் தெரியாமலா போயிருப்பேன்?" அவர் விரல் திரையில் கடைசி வரியின்மேல் போய் நின்றது. "ஆனா இப்படித்தான் நான் எழுதுவேன்."

போன் கரகரத்தது.

"பார்த்துட்டேங்க" என்றாள் பாப்பா. "ஒண்ணு என் விரலைப் பிடிச்சுக்கிச்சு. நகம் இவ்வளவுதான் இருக்கு." கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு பொறியாளர் குரல் திரும்பி வந்தது. "ஒரு விஷயம். அந்த மூடியைத் திறந்தா உள்ள புது மசகு. வழுவழுன்னு இருக்கு. யாரோ கொஞ்ச நாள் முன்னாடிதான் இதைத் திறந்து சரி பண்ணியிருக்காங்க. எங்க ஆபீஸ்ல யாருக்கும் இந்த இடமே தெரியாது. அது மட்டும் பண்ணலன்னா இன்னிக்கு இது திரும்பியே இருக்காது. யாருன்னு வரைபடத்துல போட்டிருக்கா? என்ன தேதி?"

மாமனார் தலையை அசைத்தார். வேண்டாம் என்பது போல. அசைத்தது தெரியாத அளவுக்குக் கொஞ்சமாக.

மாப்பிள்ளை பதினேழு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறார். கிடைத்ததைக் கிடைக்கவில்லை என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

"தேதி போயிடுச்சு" என்றார். "அந்தத் துண்டு மட்டும் படிக்க முடியல."

"உங்களுக்கா?" என்றாள் பாப்பா.

"டிஸ்க் ரொம்ப மோசம்."

"ஓ. சரி. நான் நேரா அங்கதான் வரேன். அரை மணி நேரம். அந்த டிஸ்க்கை யாரும் தொட வேண்டாம்."

போன் நின்றது.

மாமனார் துண்டை எடுத்தார். நாலாக மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். பிறகு, எதிரே இருப்பவர் தன் மகளின் புருஷன் என்பதும், அவரிடம் தான் எதையும் கேட்பதில்லை என்று சபதம் எடுத்திருப்பதும் நினைவில்லாதவர் போலவோ, இரண்டும் நன்றாக நினைவிருப்பவர் போலவோ, மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கடைசி வரியையும் தேதியையும் அழிச்சுடுங்க மாப்பிள்ளை. செவ்வாய்க்கிழமைன்னு ஏதோ சொன்னீங்களே, அதையும். அவ வர்றதுக்குள்ள."

எதையும் யாராலும் மீட்க முடியாதபடி அழிக்கத் தெரிந்த ஆள் அந்த ஊரில் ஒருவர்தான். அவருடைய ஒரு கை மவுஸ்மேல் இருந்தது, இன்னொரு கை எழுத விடாத அந்தப் பெட்டியின்மேல். கடிகாரத்தில் மணி பத்து ஐம்பத்தொன்று.